வீடு கட்டியாச்சு; விளக்கு யார் போடுவது?
ஓட்டு இல்லாத முகாம்களும் உள்ளாட்சிகளின் பொறுப்பும்

(நமது நிருபர்)

ஓசூர்:-

உங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. யாரிடம் போவீர்கள்? கவுன்சிலரிடம்.

அவர் இன்று, நாளை என்று இழுத்தடித்தால்? "சரி, அடுத்த தேர்தல் வரட்டும், பார்த்துக்கொள்வோம்" என்பீர்கள். அந்தப் பயம் கவுன்சிலருக்கும் உண்டு. அதனால்தான் பல்பு மாறுகிறது, சாக்கடை அள்ளப்படுகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது.

இந்த "அடுத்த தேர்தல்" என்கிற தடி கையில் இல்லாத ஜனங்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை. ஊத்தங்கரைப் பக்கத்தில் பாம்பாறு அணை. இரண்டு அணைகளின் ஓரத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன.

முகாம்வாசிகளில் பெரும்பாலோருக்கு ஓட்டு கிடையாது. ஓட்டு இல்லாத இடத்துக்கு உள்ளாட்சி எதற்காக வரவேண்டும்? அவர்களுக்குப் புது வீடு கட்டும் திட்டம் நடக்கிற இந்த நேரத்தில் கேட்டே ஆகவேண்டிய கேள்வி இது.

அணை ஓரத்துக்கு வந்தது எப்படி?

1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழர்கள் படகு படகாக வந்து இறங்கினார்கள். 1987 ஜூலை ஒப்பந்தம் வரை வந்தவர்கள் மட்டும் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர். ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு பகுதியினர் ஊர் திரும்பினார்கள்.

மறுபடியும் சண்டை மூண்டது. 1989 ஆகஸ்டு முதல் 1991 வரை இன்னொரு 1 லட்சத்து 22 ஆயிரம் பேர் வந்தார்கள். இத்தனை பேரையும் ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் வைத்திருக்க முடியாது. மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள்.

அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை. தர்மபுரியோடு சேர்ந்திருந்தது. 2004-ல்தான் பிரிந்தது.

மேற்கு மாவட்டங்களில் முகாம்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பாம்பாறு அணை, கெலவரப்பள்ளி அணை, தர்மபுரிப் பக்கம் தும்பலஅள்ளி அணை, ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகர் அணை. எல்லாம் அணை ஓரம். ஊருக்கு வெளியே, அரசாங்க நிலம்.

தற்காலிகமாகத் தங்க வைக்க அது சரியான இடம்தான். ஆனால் அந்தத் தற்காலிகம் முப்பது வருடத்தையும் தாண்டிவிட்டது. பத்துக்குப் பத்து அறை, தார் அட்டைக் கூரை. அதற்குள்ளேயே பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கும் கல்யாணம் ஆகி, பேரப்பிள்ளையும் பிறந்துவிட்டது.

கோடிக்கணக்கில் திட்டம்

மத்திய உள்துறையின் கணக்குப்படி தமிழ்நாட்டில் 108 முகாம்களில் 58 ஆயிரத்து 800-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். வெளியே போலீஸ் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழ்கிறவர்கள் இன்னும் 34 ஆயிரம் பேர். இது 2021 வாக்கில் எடுத்த கணக்கு.

2021 ஆகஸ்டு 27-ந்தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டசபையில் ரூ.317 கோடியே 40 லட்சத்துக்குத் திட்டம் அறிவித்தார். இடிந்துபோன நிலையில் இருந்த 7 ஆயிரத்து 469 வீடுகளைப் புதிதாகக் கட்ட ரூ.231 கோடியே 54 லட்சம். குடிநீர், மின்சாரம், கழிப்பறை போன்ற வசதிகளுக்கு ரூ.30 கோடி.

மறுநாளே பெயரும் மாறியது. "அகதிகள் முகாம்" என்பது "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" ஆனது.

மாதப் பணமும் கூடியது. குடும்பத் தலைவருக்கு ரூ.1,500, மற்ற பெரியவர்களுக்கு ரூ.1,000, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ரூ.500. புருஷன், பெண்டாட்டி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் மாதம் ரூ.3,500. ஓசூரில் அந்தப் பணத்துக்கு நாலு பேர் குடும்பம் நடத்த வீடு தேடிப் பாருங்கள், தெரியும்.

வீட்டு வேலையும் நடந்தது. 2021 நவம்பரில் வேலூர் மேல்மொணவூரில் அடிக்கல் நாட்டினார்கள். திண்டுக்கல் தோட்டனூத்தில் 2022 செப்டம்பரில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. 2023 செப்டம்பர் 17-ந்தேதி 13 மாவட்டங்களில் 1,591 வீடுகள் திறக்கப்பட்டன.

தாமதத்தின் விலை

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கடைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்.

முதலில் அறிவித்தபடி 7,469 வீடுகளுக்கு ரூ.231 கோடியே 54 லட்சம். வகுத்தால் ஒரு வீடு ரூ.3 லட்சத்து 10 ஆயிரம்.

அடிக்கல் நாட்டும்போது 3,510 வீடுகளுக்கு ரூ.142 கோடியே 16 லட்சம். ஒரு வீடு ரூ.4 லட்சத்து 5 ஆயிரம்.

2023-ல் திறந்த 1,591 வீடுகளுக்கு ரூ.79 கோடியே 70 லட்சம். ஒரு வீடு ரூ.5 லட்சம்.

இரண்டே வருடத்தில் ஒரு வீட்டுக்கு ரூ.2 லட்சம் ஏறிவிட்டது. சிமெண்டு, கம்பி விலை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அடிப்படைப் பாடம் வேறு. சின்ன ரிப்பேராக இருக்கும்போதே பார்த்திருந்தால் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும் கூரை, முப்பது வருடம் விட்டபிறகு லட்சக்கணக்கில் வந்து நிற்கிறது.

புது வீட்டையும் அப்படியே விட்டால் என்ன ஆகும்? இன்னும் இருபது வருடம் கழித்து இன்னொரு முதல்-அமைச்சர் இன்னொரு முந்நூறு கோடி அறிவிக்கவேண்டி வரும். அதுவும் நம் வரிப்பணம்தான்.

யார் பொறுப்பு?

ஒரு முகாமை எத்தனை பேர் பார்க்கிறார்கள் தெரியுமா?

மாதப் பணமும் தணிக்கையும் வருவாய்த்துறை. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று கண்காணிப்பது கியூ பிரிவு போலீஸ். மேலே சென்னையில் மறுவாழ்வுத் துறை. அதற்கும் மேலே செலவைத் திருப்பித் தருவதும், குடியுரிமையைத் தீர்மானிப்பதும் டெல்லி.

இத்தனை பேர் இருக்கிறார்கள். ஆனால் சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது?

டெல்லியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். கியூ பிரிவுக்கு அது வேலை இல்லை. தாசில்தாரிடம் துப்புரவுப் பணியாளர் கிடையாது. குப்பை வண்டியும், தண்ணீர்த் தொட்டியும், மின்விளக்குக் கம்பமும் யாரிடம் இருக்கிறதோ அவர்கள்தான் வரவேண்டும். கிராமத்தில் ஊராட்சி. நகரத்தில் மாநகராட்சி அல்லது நகராட்சி.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-வது பிரிவு கிராம ஊராட்சியின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. தெருவைப் பராமரிக்கவேண்டும், விளக்குப் போடவேண்டும், வடிகால் கட்டவேண்டும், குப்பை அகற்றவேண்டும், குடிநீர் கொடுக்கவேண்டும்.

கடமை கிராமத்துக்குத்தான். "ஓட்டுப் போடுகிறவனுக்கு மட்டும் விளக்கு" என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை.

ஆனால் அதே சட்டத்தின் 3-வது பிரிவைப் பாருங்கள். கிராம சபையில் உறுப்பினர் யார்? வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிறது. ஊர்க்காரர் எழுந்து நின்று, "தலைவரே, எங்க தெருவுக்குத் தண்ணி வரலை" என்று கேட்கலாம். முகாம்காரர் அந்தச் சபையில் உறுப்பினரே இல்லை. நகரத்தில் ஏரியா சபை என்றாலும் வாக்காளர்தான் கணக்கு.

ஆக, ஊராட்சிக்குக் கடமை உண்டு. அதைக் கேட்கிற உரிமை மட்டும் முகாம்காரருக்கு இல்லை. சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஓட்டுக் கணக்கு

108 முகாம்களில் 58 ஆயிரம் பேர் என்றால், சராசரியாக ஒரு முகாமில் ஐந்நூறு பேருக்கு மேல். ஊராட்சியில் ஒரு வார்டுக்குச் சில நூறு ஓட்டு இருந்தாலே பெரிசு. அதாவது ஒரு முகாம் என்பது முழுசாக ஒரு வார்டு. ஓட்டு மட்டும் இருந்திருந்தால் தேர்தலுக்குத் தேர்தல் வேட்பாளர்கள் கும்பிட்டுக்கொண்டு வந்து நின்றிருப்பார்கள்.

ஏன் ஓட்டு இல்லை? குடியுரிமை இல்லை. இங்கேயே பிறந்த பிள்ளைக்குமா? ஆமாம்.

1987 ஜூலை 1-க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்திருந்தால் இன்னும் கெடுபிடி. தாய் தகப்பனில் ஒருவர் சட்டவிரோதமாக வந்தவர் என்றாலே பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாது.

திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த ஒரு பெண், 1986-ல் மண்டபத்தில் பிறந்தவர், ஐகோர்ட்டுக்குப் போனார். 2022-ல் மதுரைக் கிளை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2024 ஏப்ரல் 19-ந்தேதி நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். ஒரே ஒரு ஓட்டு நாடு முழுக்கச் செய்தி ஆனது என்றால், மற்றவர்கள் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2019-ம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகள்தான். இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு சலுகை கொடுத்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மேல், பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை கிடையாது என்றது. தலைக்குமேல் தொங்கிய கத்தி விலகியது. ஆனால் அது குடியுரிமை ஆகாது. ஓட்டும் வராது.

தலைக்கணக்கில் மட்டும் உண்டு

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் குடிமகனா, வேற்று நாட்டவரா என்று பார்த்துத் தலையை விடுவதில்லை. இங்கே வாழ்கிறவர் எல்லாரும் கணக்கில் வருவார்கள். முகாம்காரரும் அதில் ஒருவர்.

உள்ளாட்சிகளுக்கு வரும் மானியத்துக்கு முக்கியமான அளவுகோல் இந்த மக்கள் தொகைதான். 15-வது நிதிக்குழு உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்குப் பிரித்தபோது மக்கள் தொகைக்கு 90 சதவீதம், பரப்பளவுக்கு 10 சதவீதம் என்று வைத்தது. எடுத்துக்கொண்டது 2011 கணக்கு.

அதாவது முகாம்காரரின் தலையையும் எண்ணித்தான் பணம் வருகிறது. பணம் வரும்போது அவர் ஊர்க்காரர். விளக்குப் போடும்போது மட்டும் அவர் வெளிநாட்டுக்காரர். இது என்ன நியாயம்?

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள் என்று மத்திய அரசு 2025-ல் அறிவித்தது. முகாமில் ஒரு தலை விட்டுப்போனாலும் அந்த ஊராட்சிக்கே நஷ்டம். இதை ஊராட்சிகள் முதலில் புரிந்துகொள்ளவேண்டும்.

"நாடு என்ன சத்திரமா?"

எதிர்வாதத்தையும் மறைக்கக்கூடாது.

"நம்ம ஊர் ஏழைக்கே பட்டா இல்லை. வீட்டு வரி, தண்ணீர் வரி கட்டுகிற நமக்கே ஒழுங்காகத் தண்ணீர் வரவில்லை. அவர்களுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டில் ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில் நீதிபதி தீபங்கர் தத்தாவும், உலகெங்கும் இருந்து வருபவர்களைத் தங்க வைக்க இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று சொன்னார்.

கேள்வி நியாயமானதுதான். பதிலும் இருக்கிறது.

யார் வரலாம், யார் இருக்கலாம் என்பது டெல்லி தீர்மானிக்கவேண்டிய விஷயம். அதில் ஓசூர் மாநகராட்சிக்கோ, ஊத்தங்கரைப் பக்கத்து ஊராட்சிக்கோ வேலை இல்லை. ஆனால் அரசாங்கமே கொண்டுவந்து, அரசாங்கமே தங்கவைத்து, முப்பது வருடத்துக்கு மேல் ஆனபிறகு, அந்த இடத்துச் சாக்கடையை யார் அள்ளுவது என்பது குடியுரிமைப் பிரச்சினை இல்லை. சுகாதாரப் பிரச்சினை.

கொசு ஓட்டர் ஐ.டி. பார்த்துக் கடிப்பதில்லை. கெலவரப்பள்ளி அணையையே பாருங்கள். பெங்களூர்க் கழிவு தென்பெண்ணையில் கலந்து, நுரை பொங்கி, எல்லை தாண்டி வந்து விழுகிறது. அதற்கு ஜூஜூவாடியில் செக்போஸ்ட் உண்டா? முகாமில் தேங்கும் தண்ணீரும் அப்படித்தான். காய்ச்சல் பக்கத்துத் தெருவுக்கு வர அனுமதி கேட்காது.

இன்னொன்று. முகாம்காரர் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவர் இல்லை. பெயிண்டிங் வேலை, கட்டிட வேலை, கூலி வேலை என்று போகிறார். சம்பாதிப்பதை இங்கே உள்ள மளிகைக் கடையில்தான் செலவழிக்கிறார். சோப்புக்கும் எண்ணெய்க்கும் நாம் கட்டுகிற அதே ஜி.எஸ்.டி.யை அவரும் கட்டுகிறார்.

புது வீடும் அவருக்குச் சொந்தமாகிவிடவில்லை. அது அரசாங்கச் சொத்து. விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. "நமக்கு இல்லாததை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்பது சரியல்ல.

அடுத்த மாநிலத்தில்

எல்லை தாண்டிக் கர்நாடகத்தைப் பாருங்கள். மைசூர் பக்கம் பைலகுப்பேயில் 1961-ம் ஆண்டு முதல் திபெத்திய அகதிகள் இருக்கிறார்கள். அன்றைய மைசூர் மாநில அரசு சுமார் 3 ஆயிரம் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது. காட்டைத் திருத்தி விவசாயம் செய்தார்கள். இன்று அது பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிற ஊர். அவர்களுக்குக் கிடைத்தது நிலம். நம் பக்கம் வந்தவர்களுக்குக் கிடைத்தது பத்துக்குப் பத்து.

வெளிநாட்டிலும் இதே தகராறுதான். லண்டன் பக்கத்தில் எப்பிங் என்று ஓர் ஊர். அங்கே ஒரு ஓட்டலில் அடைக்கலம் தேடி வந்தவர்களை மத்திய அரசு தங்கவைத்தது. "எங்களைக் கேட்காமல் எப்படி?" என்று ஊர் கவுன்சிலே கோர்ட்டுக்குப் போனது. 2025 ஆகஸ்டில் முதலில் தடை கிடைத்தது. பத்தே நாளில் மேல்கோர்ட்டு அதை ரத்து செய்தது. நவம்பரில் கவுன்சில் வழக்கே தோற்றது.

ஜெர்மனியில் வேறு முறை. ஒவ்வொரு மாநிலமும் எத்தனை பேரை ஏற்கவேண்டும் என்பதற்குச் சூத்திரமே இருக்கிறது. வரி வருமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, மக்கள் தொகைக்கு மூன்றில் ஒரு பங்கு. வசதியுள்ள மாநிலம் கூடுதலாகச் சுமக்கிறது.

அங்கே உள்ளாட்சி சண்டையாவது போடுகிறது. இங்கே அதுவும் இல்லை. ஊராட்சியை யாரும் கேட்கவில்லை; ஊராட்சியும் "அது தாசில்தார் பாடு" என்று ஒதுங்கிக்கொள்ளலாம். சண்டையே இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லாமல் போகிறது.

என்ன செய்யலாம்?

டெல்லியை எதிர்பார்க்காமல், சட்டத்தை மாற்றாமல், நாளைக்கே செய்யக்கூடியவை நாலு.

ஒன்று: முகாமின் விளக்கு, குடிநீர், வடிகால், குப்பை நான்கையும் யார் பார்ப்பது என்று எழுத்துமூலம் தீர்மானம். ஊராட்சி என்றால் ஊராட்சி. மாநகராட்சி என்றால் மாநகராட்சி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டக்கூடாது.

இரண்டு: பொறுப்பைக் கொடுத்தால் பணத்தையும் கொடுக்கவேண்டும். முகாம் வீட்டில் வீட்டு வரி வசூல் கிடையாது. அந்த இழப்பை ஈடுகட்ட, வீடு ஒன்றுக்கு இவ்வளவு என்று மறுவாழ்வுத் துறை வருடாவருடம் உள்ளாட்சிக்குக் கட்டட்டும். ரூ.5 லட்சத்தில் வீடு கட்டத் தெரிந்த அரசாங்கத்துக்கு அதைப் பராமரிக்கச் சில நூறு ரூபாய் பெரிசு இல்லை.

மூன்று: கிராம சபையிலும் ஏரியா சபையிலும் முகாம் பிரதிநிதிகளை அழைத்து உட்காரவைக்கட்டும். ஓட்டு இல்லாவிட்டால் போகிறது. குறையைச் சொல்லட்டும். அழைத்துப் பேசவிட எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது.

நாலு: முகாம் வாசலில் ஒரு போர்டு. விளக்குக்கு யார், தண்ணீருக்கு யார், சாக்கடைக்கு யார், போன் நம்பர் என்ன. அவ்வளவுதான். போர்டில் பெயர் எழுதியாகிவிட்டால் யாரும் தப்பிக்க முடியாது.

இதில் அவசரமும் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்ட ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் ஜெயித்து வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ந்தேதியோடு முடிந்தது. பிறகு தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போனது. அப்போது ஊர்க்காரருக்கே கேட்க ஆள் இல்லை என்று புலம்பல். தலைவர் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று நாம் கொஞ்ச நாள் பார்த்தோம். முகாம்காரர் அதை முப்பது வருடத்துக்கு மேலாகப் பார்க்கிறார்.

ஓசூர் வந்தவர்களால் வளர்ந்த ஊர். சிப்காட் வந்தது, லேலண்டு வந்தது, டி.வி.எஸ். வந்தது, டைட்டன் வந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே பஸ்சில் போகிற ஊர் இது. வடநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவருக்கும் இங்கே இடம் இருக்கிறது. அணை ஓரத்தில் ஒரு தலைமுறையைத் தாண்டிய ஜனங்களுக்கு நாலு தெருவிளக்கும் ஒரு வடிகாலும் கொடுத்தால் இந்த ஊர் குறைந்துபோகாது.

கலெக்டர், மாநகராட்சி கமிஷனர், பி.டி.ஓ.க்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் ஒரு பகல் பொழுதில் முடிகிற வேலை இது.

உட்காருவார்களா?